கிரிஸ்டலின் தரமறியும் கைகள்

பொறியியல் கல்லூரிகளின் நுண்ணலை ஆய்வகத்தில் கிளைஸ்ட்ரான் பெஞ்ச் எனப்படும் சோதனை மேசையின் ஒரு முனையில் கிளைஸ்ட்ரான் குழல் ஏறத்தாழ 9 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அலையை எழுப்ப, அவ்வலை செவ்வக உலோகக் குழாயான அலைவழிகாட்டியின் ஊடாகச் சென்று மறுமுனையில் உள்ள டிடெக்டரை அடைந்து, அளக்கத்தக்க மின்னழுத்தமாக மாறுகிறது. மற்ற உறுப்புகள் அனைத்தும் செம்மையாக இருந்தும் டிடெக்டர் மட்டும் தரம் குன்றியிருந்தால், அன்று பதிவாகும் எண்கள் எதையும் நம்ப இயலாது.

பழைய பெஞ்சுகளில் டிடெக்டரின் உயிராக இருப்பது 1என்23 வகைக் கிரிஸ்டல். இரண்டாம் உலகப்போர்க்கால ரேடார் பணியில் உருவான இவ்வகையில், சிலிக்கான் துண்டின்மீது மெல்லிய டங்ஸ்டன் கம்பியின் நுனி அழுந்தி நிற்கிறது. விரல் நுனியில் தங்கியிருக்கும் நிலைமின்னூட்டமே அந்தத் தொடுபுள்ளியைக் கெடுத்துவிடக்கூடும் என்பதால் இது ஈயத்தாளில் சுற்றப்பட்டு வந்தது. மாணவர்கள் 'அண்ணா' என்றழைக்கும் ஆய்வக உதவியாளர், கிரிஸ்டலைப் பொருத்துமுன் ஒரு கையால் பெஞ்சின் உலோக உடலைத் தொட்டபடியே மறு கையால் அதைத் தாங்கியினுள் இறக்குகிறார். செய்முறைக் கையேட்டில் பெரும்பாலும் இடம்பெறாத இந்தப் பழக்கமே பல கிரிஸ்டல்களின் ஆயுளை நீட்டித்திருக்கிறது.

நுண்ணலை ஆய்வில் கைவினைஞரின் பங்கு இந்தியாவுக்குப் புதிதன்று. கொல்கத்தா மாநிலக் கல்லூரியில் 1890களில் 5 மில்லிமீட்டர் வரை குறுகிய அலைநீளமுள்ள அலைகளை ஆராய்ந்த ஜகதீஷ் சந்திர போஸ், உள்ளூர்த் தகர வேலைக்காரர் ஒருவரின் துணையோடு கருவிகளை உருவாக்கினார்; கலீனா படிகத்தைக் கொண்ட அவரது டிடெக்டருக்கு 1904இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

டிடெக்டரின் தரமறியும் சோதனையின் நடுநாயகம் இருபடி விதி ஆகும். குறைந்த திறனில், அதாவது சுமார் 10 மைக்ரோவாட்டுக்குக் கீழே, டிடெக்டரின் வெளியீட்டு மின்னழுத்தம் உள்வரும் திறனுக்கு நேர்விகிதத்தில் அமைகிறது. நிலையலை விகிதம் காட்டும் மீட்டரின் அளவுகோல் இவ்விதியை நம்பியே வரையப்பட்டுள்ளது. ஆகவே உதவியாளர் அலையை 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையால் பண்பேற்றி, அலையை மட்டுப்படுத்தும் அட்டெனுவேட்டரை 10 டெசிபல் கூட்டி, மீட்டரின் முள்ளைக் கவனிக்கிறார். மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்காகக் குறைந்தால் கிரிஸ்டல் விதிக்கு உட்பட்டிருக்கிறது. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக மட்டுமே குறைந்தால், திறன் மிகுந்து அது விதியை மீறிவிட்டது என்று பொருள். சில நிமிடங்களில் முடியும் இச்சோதனையைத் தவிர்த்து எடுக்கப்படும் நிலையலை அளவீடு, எத்தனை தசம இடங்களோடு எழுதப்பட்டாலும், ஐயத்துக்குரியதே.

தொடுநிலை உணர்திறன் என்பது டிடெக்டர் உணரக்கூடிய மிக மெல்லிய குறிகையின் அளவுகோல். அலைக்காட்டியில் துடிப்பின்மீது ஏறி நிற்கும் இரைச்சலின் அடிவிளிம்பு, துடிப்பில்லாத இடத்து இரைச்சலின் மேல்விளிம்போடு ஒரே மட்டத்தில் வரும்வரை திறன் சரிசெய்யப்படுகிறது. அந்த மட்டத்தைக் கண்ணே தீர்மானிப்பதால் இருவர் எடுக்கும் அளவுகள் சற்றே வேறுபடுவது இயல்பு. பழகிய கண்ணின் மதிப்பு இங்கே வெளிப்படுகிறது.

அத்தகைய கண்ணுக்கு உரிய ஊதியம் கிடைப்பதில்லை என்பதே வேதனை. ஒரு கிரிஸ்டலை மாற்றினால் போதும் என்று உதவியாளர் எழுதித் தரும் குறிப்பு கிடப்பில் கிடக்க, இடைத்தரகர் முழுப் பெஞ்சுக்கும் விலைப்பட்டியல் நீட்டுவதும், புதிய கருவிக்குப் பணம் ஒதுக்கும் நிர்வாகம் அதைப் பேணுபவரை ஆண்டுக்காண்டு ஒப்பந்தத்தில் நிறுத்துவதும் அநீதி. கல்லூரி நிர்வாகங்கள் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் டிடெக்டர் சோதனையைக் கட்டாயமாக்கி, அதன் பதிவேட்டில் சோதித்தவர் பெயரை எழுதி, அவரது பணியை நிரந்தரமாக்க வேண்டும்.