கண்ணில் புரை விழுந்த கார்

 

கொஞ்சம் நீளமான பதிவு. எங்கட செங்கலடி - கரடியனாறு வீதியில் இரவில் வாகனம் ஓட்டுபவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

இரண்டு கிழமைக்கு முன் பின்னேர வகுப்பு முடிந்து கரடியனாற்றிலிருந்து வீடு திரும்பினேன். மஃரிப் தாண்டி நன்றாக இருட்டிவிட்டது. இலுப்படிச்சேனைக்குக் கிட்ட வரும்போது காருக்கு முன்னால் திடீரென்று ஒரு சைக்கிள். பிரேக்கை மிதித்தேன். கார் நின்றபோது பின்சில்லுக்கும் காருக்கும் இடையில் ஒரு முழம்தான் இருந்தது. இறங்கி ஓடினேன். என்னிடம் படிக்கும் ஒரு பிள்ளையின் அப்பா. வயலால் வந்துகொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்கொள்ளுங்க சேர், என்ட சைக்கிள்ல லைட் இல்ல" என்றார் அவர். மன்னிப்புக் கேட்க வேண்டியவன் நான். அவரை என் லைட் காட்டவே இல்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தேன். பதினைந்து வயதுக் கார். முன்லைட் இரண்டும் தேயிலைச் சாயம் பிடித்த கோப்பை மாதிரி மஞ்சள். தினமும் பார்ப்பதால் கண்ணில் படவில்லை. வெளிச்சம் காணாது என்று ஒரு வருடமாக ஹைபீமிலேயே ஓடியிருக்கிறேன். எதிரே வந்த எத்தனை பேருக்குக் கண் கூசியதோ!

அந்தக் காலத்து லைட்டுகள் கண்ணாடி. அவை மஞ்சளாகாது. இப்போதுள்ளவை பொலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக். அதன்மேல் கம்பனி பூசிய மெல்லிய பாதுகாப்புப் படை இருக்கும். வெயிலின் புறஊதாக் கதிர் வருடக்கணக்கில் பட்டு அந்தப் படை பழுதாகும்; பிறகு பிளாஸ்டிக்கும் மங்கும். 2018இல் அமெரிக்க வாகன சங்கமான ஏஏஏ சோதித்துப் பார்த்ததில், இப்படி மங்கிய லைட் புது லைட்டின் வெளிச்சத்தில் ஏறக்குறைய 20 வீதம்தான் தந்தது. தேய்த்துச் சீராக்கியபோது 70 வீதமளவுக்கு மீண்டது.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தார்கள். அதனால் எங்கட வீதிகளில் ஓடுபவை பெரும்பாலும் பழையவை. எல்லாருக்கும் இதே பிரச்சினைதான்.

முதலில் பற்பசை போட்டுத் தேய்த்தேன். பளிச்சென்று வந்தது, சில நாளில் பழையபடி. நுளம்பு மருந்து பூசச் சொன்னார் ஒருவர். அதைச் செய்யாதீர்கள், அது பிளாஸ்டிக்கையே கரைக்கும். கூடிய வோட்ஸ் பல்ப் போட்டால் சூட்டில் உள்ளே பழுதாகும். மங்கிய லைட்டுக்குள் எல்ஈடி போட்டால் வெளிச்சம் சிதறி எதிரே வருபவரின் கண்ணில்தான் அடிக்கும்.

கடைசியில் எங்கட ஊர் பெயின்டர் காக்கா பக்கத்தில் நின்று சொல்லித்தர நானே செய்தேன். லைட்டைக் கழுவி, சுற்றிவரப் பெயின்டில் படாமல் மாஸ்கிங் டேப் ஒட்டினேன். 800, 1500, 2000, 3000 என்று வோட்டர் பேப்பரைத் தண்ணீர் விட்டு விட்டு வரிசையாகத் தேய்த்தேன். முதலில் மஞ்சள் தண்ணீர் வடியும். வெள்ளையாக வடியும்வரை விடக்கூடாது. நடுவில் லைட் முன்னையவிட மங்கலாகத் தெரியும். பயப்படாதீர்கள். பிறகு பொலிஷ். முடிவில் வெயிலைத் தாங்கும் கிளியர் அடித்து ஓர் இரவு காயவிட வேண்டும். "கிளியர் அடிக்காட்டி இவ்வளவு பாடும் வீண், சேர். சில மாசத்தில திரும்ப மஞ்சளாகும்" என்றார் காக்கா. அடிக்கும்போது முகமூடி போடுங்கள். உள்பக்கம் ஈரம் பிடித்த லைட்டுக்கு இது சரிவராது. கழற்றித்தான் பார்க்க வேண்டும்.

நேற்று இரவு அதே வீதியால் வந்தேன். பன்குடாவெளிப் பக்கம் படுத்திருந்த மாடுகள் தூரத்திலேயே தெரிந்தன, அல்ஹம்துலில்லாஹ். ஹைபீம் தேவைப்படவில்லை. அந்த அப்பாவின் சைக்கிளுக்குப் பின்னால் ஒட்ட ஒரு சிவப்பு ரிஃப்ளெக்டரும் வாங்கிக் கொடுத்தேன். வாங்க மறுத்தார். "இது உங்களுக்கு இல்ல, எனக்கு" என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

மாடு, யானை, லைட் இல்லாத சைக்கிள் எல்லாம் வரும் வீதி இது. இன்றைக்கே உங்கள் வாகனத்துக்கு முன்னால் போய் நின்று லைட்டை ஒருமுறை பாருங்கள். வோட்டர் பேப்பர் என்னிடம் மிச்சம் இருக்கிறது. தேவையானவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள், சேர்ந்தே தேய்ப்போம்.