கண்ணுக்குத் தெரியாததை முதலில் வாங்குங்கள்

வானத்திலிருந்து குதிக்கப் பழகும் பிள்ளைகள் முதலில் வாங்க ஆசைப்படுவது ஹெல்மெட்டும் கேமராவும்தான். அந்த வயதில் ஆசை அப்படித்தான் போகும். ஆனால் ஸ்கைடைவிங்கில் எதை முதலில் வாங்குகிறோம், எதைக் கடைசிக்குத் தள்ளுகிறோம் என்பது உயிரோடு சம்பந்தப்பட்ட வரிசை. அந்த வரிசையைப் பற்றிச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் விமானப் படையில் பாராசூட் மடிக்கும் பிரிவில் வேலை பார்த்தவன். நீள மேசையில் துணியை விரித்து, கயிறுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, மடித்து, அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம். அதைக் கட்டிக்கொண்டு பறக்கப்போகும் விமானி யாரென்று பெரும்பாலும் தெரியாது. இப்போது என் அண்ணன் பேத்தி அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில் வேலை பார்த்துக்கொண்டே ஸ்கைடைவிங் பழகுகிறாள். ஏ லைசென்ஸ் என்ற முதல்நிலை உரிமமும் வாங்கிவிட்டாள். அதற்குக் குறைந்தது 25 முறை குதித்திருக்க வேண்டும். "சின்னத் தாத்தா, சொந்தமா ரிக் வாங்கலாம்னு இருக்கேன், எதைப் பார்த்து வாங்கணும்?" என்று கேட்டாள். நான் மடித்த பாராசூட்டுகளும் அவள் கட்டப்போவதும் வேறு வேறு காலத்தவை. ஆனாலும் கேள்வி பழையதுதான். அவளுக்குச் சொன்னதை அவள் வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

அவள் இருக்கும் இடமும் பொருத்தமான இடம். ஒர்லாண்டோவுக்கு வடக்கே டிலாண்ட் என்று ஒரு சிறிய ஊர் இருக்கிறது. உலகம் முழுவதும் விளையாட்டு வீரர்கள் கட்டிக் குதிக்கும் பாராசூட்டுகளில் பெரும்பங்கு அந்த ஊரைச் சுற்றித்தான் வடிவம் பெற்றது. பில் பூத் என்பவரின் தொழிற்கூடம் அங்கேதான் இருக்கிறது. 1970களில் அவர் உண்டாக்கிய மூன்று வளையப் பூட்டு இல்லாத விளையாட்டு ரிக்கை இன்று பார்ப்பது அரிது. அதைப் பிறகு சொல்கிறேன்.

ரிக் என்றால் நான்கு பொருள்கள். உடம்பைப் பிணைக்கும் பட்டைகளோடு தைத்த முதுகுப் பை ஒன்று. அதைக் கன்டெய்னர் என்கிறார்கள். அதற்குள் முதன்மைப் பாராசூட். அதற்கு மேலே ரிசர்வ், அதாவது முதலாவது கைவிட்டால் விரிய வேண்டிய இரண்டாவது பாராசூட். பிறகு, ஆபத்து நேரத்தில் ரிசர்வைத் தானாகவே விரித்துவிடும் ஏ.ஏ.டி. என்ற சிறு கருவி. புது ரிக் பல ஆயிரம் டாலர் ஆகும். கடைக்குப் போகிறவர்கள் கன்டெய்னரின் நிறத்தில் தொடங்கி, முதன்மைப் பாராசூட்டின் வேகத்தைப் பேசி, ரிசர்வை மீதிப் பணத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். நான் பேத்தியிடம் ரிசர்வில் தொடங்கச் சொன்னேன்.

ரிசர்வ் எப்போது விரியும் என்று யோசித்துப் பாருங்கள். முதன்மைப் பாராசூட் சிக்கிக்கொண்டு சுழல்கிறது, உயரம் குறைந்துகொண்டே வருகிறது, மனம் பதறுகிறது. சில சமயம் தோள் பிசகியிருக்கலாம். சில சமயம் மோதலில் நினைவே தப்பியிருக்கலாம். அப்போது கயிற்றைப் பிடித்துத் திருப்ப ஆளில்லாமலே அது தரையைத் தொடும். இறங்கும் இடமும் நாம் விரும்பிய புல்வெளியாக இருக்காது. மரம், வேலி, வீட்டுக் கூரை எதுவாகவும் இருக்கலாம். வாழ்நாளிலேயே மோசமான அந்த ஒரு நிமிடத்தில் மெதுவாக இறக்கிவிடும் அளவுக்குத் துணி பெரிதாக இருக்க வேண்டும். ஆனால் கன்டெய்னரின் அளவுதான் உள்ளே எவ்வளவு துணி கொள்ளும் என்பதை முடிவு செய்கிறது. முதுகில் கச்சிதமாக ஒட்டி நிற்கும் சின்னக் கன்டெய்னர் பார்க்க அழகு. அந்த அழகுக்கு ஆசைப்பட்டால் ரிசர்வ் தானாகவே சுருங்கிவிடும். ஆகவே முதலில் ரிசர்வ் அளவு, அதற்குப் பொருந்தும் கன்டெய்னர் அடுத்தது.

இரண்டாவதாக ஏ.ஏ.டி. 1991-ல் ஜெர்மனியின் ஏர்டெக் நிறுவனம் சைப்ரஸ் என்ற பெயரில் கொண்டுவந்த கருவிதான் இதைப் பரவலாக்கியது. காற்றழுத்தத்தை வைத்து உயரத்தையும் விழும் வேகத்தையும் அது கணக்கிட்டுக்கொண்டே இருக்கும். அனுபவசாலிகளுக்கான வகையில், ஏறத்தாழ 750 அடி உயரத்திலும் ஒருவர் நொடிக்கு 35 மீட்டருக்கு மேல் விழுந்துகொண்டிருந்தால், ரிசர்வை மூடிவைத்திருக்கும் கயிற்று வளையத்தை உள்ளிருக்கும் சிறு கத்தி வெட்டிவிடும். அந்த உயரத்திலிருந்து தரைக்கு நான்கைந்து நொடிதான் மிச்சம். ஆயிரம் டாலருக்கு மேல் விலை; ஆயுள் வரம்பும் உண்டு. எல்லாம் நல்லபடியாக நடந்தால் கடைசிவரை அது ஒரு வேலையும் செய்யாமலே காலாவதியாகும். அதனாலேயே பலருக்கு அதில் பணம் போட மனம் வருவதில்லை. பயன்படாமல் போக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வாங்கும் பொருளுக்குத்தான் நல்ல பணத்தைக் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. நான் மடித்துக் கொடுத்தவற்றில் பெரும்பாலானவை விரியாமலே அடுத்த மடிப்புக்கு மேசைக்குத் திரும்பி வந்தன. அந்த வேலை வீண் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.

முதன்மைப் பாராசூட்டின் அளவுக்கு ஒரு கணக்கு உண்டு. குதிப்பவரின் எடையோடு ரிக்கின் எடையையும் சேர்த்துப் பவுண்டில் எடுத்து, துணியின் சதுர அடியால் வகுக்க வேண்டும். புதியவர்களுக்கு விடை ஒன்றைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாக ஒப்புக்கொண்ட வரம்பு. 65 கிலோ எடையுள்ளவர் 12 கிலோ சாமானைக் கட்டினால் 77 கிலோ, அதாவது 170 பவுண்டு. அவருக்கு 170 சதுர அடிக்குக் குறையாத துணி வேண்டும். பழகும்போது தரும் பாராசூட்டுகள் இதைவிடப் பெரியவை. ஆனால் பழைய சாமான் விற்பவர் 135 சதுர அடியைக் காட்டி, "இப்போது கொஞ்சம் வேகமாகத் தெரியும், சீக்கிரம் பழகிவிடும்" என்பார். நம் வீடுகளில் வளரும் பிள்ளைக்குச் சட்டையை ஒரு சுற்றுப் பெரிதாக எடுப்பார்கள். வளர்ந்துவிடுவான் என்ற நம்பிக்கை. புதிதாகக் குதிப்பவர்கள் அதே நம்பிக்கையில் துணியைச் சிறிதாக எடுக்கிறார்கள். பெரிய சட்டையால் பிள்ளைக்கு ஆபத்தில்லை. சின்னப் பாராசூட் அப்படியில்லை. சிறிய துணி வேகமாகப் போகும். ஒரு பக்கக் கயிற்றை இழுத்தால் சட்டென்று திரும்பும். திரும்பும்போது நிறைய உயரத்தைத் தின்றுவிடும். தரைக்கு அருகில், எதிரே வருபவரையோ வேலியையோ பார்த்துப் பதறித் திருப்பினால், நிமிர்வதற்குள் தரை வந்துவிடும். இன்று இந்த விளையாட்டில் நேரும் மரணங்களில் கணிசமானவை நன்றாக விரிந்த, ஒரு குறையும் இல்லாத பாராசூட்டின் கீழேதான் நடக்கின்றன. இதைக் கேட்டு என் பேத்தி கொஞ்ச நேரம் பேசவில்லை.

இங்கே பில் பூத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு முன்னால், முதன்மைப் பாராசூட் சிக்கிவிட்டால் இரண்டு தோள்களிலும் இருக்கும் உலோகக் கொக்கிகளைத் தனித்தனியே திறந்து விடுவிக்க வேண்டியிருந்தது. விழுந்துகொண்டே அதைச் செய்வது எவ்வளவு கடினம்! அவர் பெரிது, நடுத்தரம், சிறிது என மூன்று வளையங்களை ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்தார். ஆளின் முழு எடையும் இழுக்கும் விசை அடுத்தடுத்த வளையத்தில் குறைந்து, கடைசியில் மெல்லிய கயிற்று வளையம் ஒன்றே தாங்கக்கூடிய அளவுக்கு வந்துவிடும். வலது மார்பில் இருக்கும் கைப்பிடியை இழுத்தால் இரண்டு பக்கமும் ஒருசேர விடுபடும். பிறகு அவரே ஸ்கைஹூக் என்ற ஏற்பாட்டையும் கொண்டுவந்தார். விடுபட்டுப் போகும் பாராசூட்டே ரிசர்வை வெளியே இழுத்துவிடும். இத்தனை செய்த மனிதர் கண்டு சொன்ன ஒரு விஷயம் "பூத் விதி" என்றே வழங்குகிறது. சாமான் பாதுகாப்பானதாக ஆக ஆக, மனிதர்கள் அந்த அளவுக்கு அதிக ஆபத்தைத் தேடிப் போவார்கள் என்பது அதன் சாரம். வாழ்நாளைச் செலவிட்டுப் பூட்டுச் செய்தவரே இதைச் சொன்னார் என்பதால் எனக்கு அது பெரிய வார்த்தை. 1970களில் அமெரிக்காவில் ஆண்டுக்குச் சராசரியாக நாற்பதுக்கு மேற்பட்டவர்கள் இந்த விளையாட்டில் இறந்தார்கள். 2023-ல் ஏறத்தாழ 36.5 லட்சம் குதிப்புகளில் பத்துப் பேர். சாமான் நிறையவே காப்பாற்றியிருக்கிறது. மிச்சத்தை நம் நிதானம்தான் காப்பாற்ற வேண்டும்.

பழைய ரிக் வாங்குவது தவறே இல்லை. முதல் ரிக் பழையதாக இருப்பதே நல்லது என்றுகூடச் சொல்வேன். கைதேறத் தேற அளவு மாறும், புதிது வாங்கினால் கைப்பணம் முடங்கும். ஆனால் பட்டைகள் யார் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்தவை என்று பார்க்க வேண்டும். ஆறடி ஆளுக்குத் தைத்ததை ஐந்தடிப் பெண் கட்டினால், விரியும் அதிர்ச்சியில் பட்டை மேலேறிக் கைப்பிடிகள் இடம் மாறிவிடும். தேடுகிற நேரத்தில் கைப்பிடி கை போகும் இடத்தில் இருக்க வேண்டும். கட்டிப் பார்க்காமல், தொங்கிப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

பணம் கொடுப்பதற்கு முன்னால் ரிக்கரிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ரிக்கர் என்பவர் பாராசூட்டைச் சோதித்து மடிப்பதற்கு அரசிடம் சான்று பெற்றவர். அமெரிக்காவில் ரிசர்வை 180 நாளுக்கு ஒருமுறை அவர் பிரித்துச் சோதித்து, மறுபடி மடித்து, நூலில் ஈய முத்திரை இட்டு, அட்டையில் கையெழுத்திட வேண்டும். அந்த அட்டையைப் படியுங்கள். எப்போது மடித்தது, எத்தனை முறை விரிந்தது, என்ன பழுது பார்த்தது எல்லாம் அதில் இருக்கும். வாங்கிய பிறகும் வேலை இருக்கிறது. மூன்று வளையங்களை மாதம் ஒருமுறை கழற்றி, விறைத்துப்போன பட்டையை வளைத்து நீவிவிட்டு, கேபிளைத் துடைக்க வேண்டும். பெரும்பாலானோர் சோம்பல் படுவது இதில்தான்.

நாமே பார்த்துக்கொள்ளலாம், எதற்கு இன்னொருவர் என்று கேட்பவர்களுக்கு ஃபிரான்ஸ் ரைஷெல்ட்டின் கதையைச் சொல்வேன். பாரிஸில் தையற்காரராக இருந்தவர். உடையாகவே அணிந்துகொள்ளும் ஒரு பாராசூட்டைத் தன் கையாலேயே தைத்தார். பொம்மைகளுக்கு மாட்டி மாடியிலிருந்து போட்டபோது அது சரியாக விரியவில்லை. உயரம் போதாததுதான் காரணம் என்று நம்பினார். ஈபிள் கோபுரத்திலிருந்து பொம்மையைப் போட்டுப் பார்ப்பார் என்ற எண்ணத்தில் காவல் துறை அனுமதி கொடுத்தது. 1912 பிப்ரவரி 4 காலையில் அவரே உடையை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். நண்பர்கள் தடுத்தார்கள். கேட்கவில்லை. முதல் தளத்திலிருந்து, ஏறத்தாழ 57 மீட்டர் உயரத்திலிருந்து குதித்தார், பாராசூட் விரியவில்லை. நேர்மையான உழைப்பாளி. ஏமாற்ற நினைத்தவர் இல்லை. தன் கைவேலை மீது அவருக்கு இருந்த அன்பு, பொம்மைகள் விழுந்ததைப் பார்க்கவிடாமல் செய்தது. இதனால்தான் எங்கள் பிரிவில் மடித்தவர் ஒருவர், சரிபார்த்துக் கையெழுத்திடுபவர் இன்னொருவர் என்று வைத்திருந்தோம். நாம் விரும்பும் பொருளையோ, தொழிலையோ, மனிதரையோ பிரியமில்லாத ஒரு கண் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. எந்த வீட்டுக்கும் இது பொருந்தும்.

மற்றச் சாமான்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கையில் கட்டும் உயரமானி அவசியம். பதின்மூன்றாயிரம் அடியிலிருந்து குதித்தால் மணிக்கு 190 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நிமிடம்தான், அதற்குள் உயரத்தைக் கண்ணால் ஊகிக்க முடியாது. காதருகே ஒலிக்கும் உயரமானி கூடுதல் துணை. அதை நம்பிக் கையில் கட்டுவதை விடக் கூடாது. கயிற்றை வெட்டும் சிறு கொக்கிக் கத்தி ஒன்று இருக்கட்டும். ஹெல்மெட் தலைக்குப் பொருந்தினால் போதும். உடை உடம்போடு இருக்க வேண்டும். கைப்பிடிகளை மூடித் தொங்கக் கூடாது.

கேமராதான் கடைசி. ஹெல்மெட்டில் துருத்தி நிற்கும் எதுவும் விரியும் கயிற்றில் மாட்டிக்கொள்ளலாம். அதைவிட, படம் எடுப்பவரின் கவனம் உயரத்தில் இருக்காது. அமெரிக்கப் பாராசூட் சங்கம் 200 முறையாவது குதித்த பிறகே கேமரா என்று பரிந்துரைக்கிறது. 1988-ல் வட கரோலினாவில் எண்ணூறு முறைக்கு மேல் குதித்த அனுபவசாலி ஒருவர், ஒரு மாணவர் குதிப்பதைப் படமெடுக்க விமானத்திலிருந்து பாய்ந்தார். ஒளிப்பதிவுச் சாமான்கள் எல்லாம் அவரிடம் சரியாக இருந்தன. பாராசூட்டைக் கட்ட மறந்திருந்தார். முதுகில் இருந்த பதிவுக் கருவிப் பையின் கனம், பாராசூட் இருப்பதாகவே அவருக்குத் தோன்றச் செய்திருக்கலாம் என்று கருதப்பட்டது. இந்தச் செய்தியை நினைக்கும்போதெல்லாம் அந்தக் குடும்பத்துக்காக என் மனம் கனக்கிறது.

பிள்ளைகளே, குதியுங்கள். அந்த ஆசையைத் தடுக்க நான் யார்? கடைக்குப் போகும்போது இன்றைய உங்கள் எடையையும் இன்றைய உங்கள் கைத்திறனையும் மட்டும் கொண்டுபோங்கள். ரிக்கரிடம் காட்டிவிட்டுப் பணம் கொடுங்கள். அவர் வேண்டாம் என்றால், விற்பவருக்கு நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வாருங்கள். பயிற்சிக்கூடத்தின் வாடகை ரிக்கில் இன்னும் சில மாதம் குதித்தால் ஒன்றும் குறைந்துவிடாது.