இணையம் சேர்த்த இணை



'இணையம்' என்னும் சொல்லை வகுப்பில் பிரித்துக் காட்டும்போதெல்லாம் பின்வரிசையில் ஒரு சிரிப்பொலி எழும். 'இணை' என்றால் சேர். 'இணை' என்றால் ஒப்பு. 'இணை' என்றால் சோடி. மூன்றாம் பொருளைச் சொன்னவுடன்தான் அந்தச் சிரிப்பு. 1995-இல் தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடிகளுள் ஒருவரான சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமியின் பெயரோடு இச்சொல்லின் பிறப்பைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். அச்சொல்லுக்குள் சோடிப்பொருளும் ஒளிந்திருப்பதை எண்ணி நான் பலமுறை வியந்ததுண்டு.

அண்மையில் ஒரு தாயார் என்னிடம் வந்து மனம் கலங்கினார். பல்கலைக்கழகத்தில் பயிலும் மகள் கைப்பேசிச் செயலி ஒன்றின்வழி ஓர் இளைஞனுடன் பழகுகிறாளாம். "முகம் தெரியாதவன், டீச்சர்" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார். அவருக்கு அன்று நான் கூறிய ஒரு தம்பதியின் கதையைத்தான் இங்கு எழுதுகிறேன். அவர்களுடைய இசைவைப் பெற்றே எழுதுகிறேன், பெயர்களைத் தவிர்க்கிறேன்.

தானா ராத்தாவுக்கு மலாய் மொழியில் 'சமநிலம்' என்று பொருள். ஏறத்தாழ 1,400 மீட்டர் உயரத்தில் நாற்புறமும் மலை சூழ்ந்த ஊருக்கு இப்பெயர் வாய்த்ததும் ஒரு வேடிக்கையே. 1929-இல் ஜே. ஏ. ரசல் இங்குப் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அக்காலந்தொட்டுத் தமிழர் பலர் இம்மலைகளில் கொழுந்து பறித்து வாழ்ந்துள்ளனர். அந்த மரபில் வந்தவள்தான் நான் கற்பித்த அம்மாணவி. தந்தையார் இங்குள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் மண்டோர். தாயார் கூடை சுமந்து கொழுந்து பறித்தவர். லயத்து வீட்டில் நான்கு பிள்ளைகள். இவள் மூத்தவள். படிவம் ஐந்து முடித்தபின் தானா ராத்தாவில் ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பு முகப்பில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அக்காலத்தில், அதாவது 2006-ஆம் ஆண்டு வாக்கில், எங்கள் ஊர்ப் பெருந்தெருவில் வெளிநாட்டுப் பயணிகளுக்கென இணைய மையங்கள் இருந்தன. மணிக்குச் சில வெள்ளி கொடுத்தால் போதும். வேலை முடிந்து தோட்டத்துக்குச் செல்லும் வண்டி வரும்வரை அவள் அங்கு அமர்ந்திருப்பாள். யாஹூ அரட்டை அறையில்தான் அவனைக் கண்டாள். ஜொகூர் பாருவில் மின்னியல் தொழிற்சாலை ஒன்றில் தொழில்நுட்பராக இருந்தான். அவனும் தமிழ்ப்பள்ளியில் பயின்றவனே.

மற்றவர்கள் எல்லாரும் உரோமன் எழுத்தில் தமிழைத் தட்டச்சு செய்துகொண்டிருக்க, அவன் மட்டும் முரசு அஞ்சல் மென்பொருளைக் கொண்டு தமிழ் எழுத்திலேயே மின்மடல் அனுப்பினான். நம் நாட்டவரான முத்து நெடுமாறனின் அருமையான ஆக்கம் அது என்பதை ஆசிரியர்கள் அறிவீர்கள். அவன் எழுத்தில் 'ர'கரமும் 'ற'கரமும் இடம் மாறிக் கிடந்தன. 'வருகிரேன்', 'மரந்துவிட்டேன்' என்றெல்லாம் எழுதுவானாம். இவளால் பொறுக்க முடியவில்லை. திருத்தித் திருப்பி அனுப்பினாள். அவன் சினம் கொள்ளவில்லை. நன்றி கூறி மறுபடியும் பிழையோடு எழுதினான். "வேணும்னே தப்பு பண்றாரோன்னு சந்தேகமா இருந்துச்சு, டீச்சர்" என்று பின்னாளில் சொல்லிச் சிரித்தாள். திருத்தம் கேட்டு வந்த மடல்கள் மெல்ல மெல்ல வேறு செய்திகளைச் சுமந்து வரலாயின.

மடல் என்று சொன்னவுடன் இலக்கியம் பயின்றோருக்கு மடலேறுதல் நினைவுக்கு வரும். பனைமடலால் செய்த குதிரையில் ஏறி, ஊரறியத் தன் காதலை வெளிப்படுத்துவேன் என்று சங்கத் தலைவன் கூறுவான். இக்காலத் தலைவனோ மின்மடலில் ஏறினான்! குறிஞ்சித் திணைக்கு நிலம் மலை, பெரும்பொழுது கூதிரும் முன்பனியும், சிறுபொழுது யாமம். இணைய மையம் இரவில் மூடியபின், தொலைபேசி அலை கிடைக்கும் மேட்டுக்கு ஏறிச்சென்று, நள்ளிரவுப் பனியில் குளிர்சட்டையோடு நின்று அவள் குறுஞ்செய்தி அனுப்பிய கதையைக் கேட்டபோது, திணை இலக்கணம் எழுதியோர் வெறும் கற்பனையில் எழுதவில்லை என்று எனக்குத் தோன்றியது.

ஓராண்டுக்கும் மேலாக இருவரும் நேரில் பார்க்கவில்லை. 2008-ஆம் ஆண்டு தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலில் முதன்முதலாகச் சந்தித்தனர். இடத்தைத் தேர்ந்தெடுத்தவள் அவள்; ஆயிரக்கணக்கானோர் கூடும் இடம், பட்டப்பகல், உடன் அத்தையும் சென்றார். இருபத்து மூன்று வயதுப் பெண்ணுக்கு இருந்த இந்த விழிப்பை நான் இன்றும் பாராட்டுகிறேன். "படத்துல இருந்ததைவிட ஒல்லியா இருந்தாரு. ஆனா எழுத்துல இருந்த ஆளேதான், டீச்சர்" என்றாள்.

அதன் பிறகுதான் இடர் தொடங்கியது.

அகப்பொருளில் 'அறத்தொடு நிற்றல்' என்றொரு துறை உண்டு. தலைவியின் களவுக் காதலைத் தோழி உரிய நேரத்தில் செவிலிக்கு வெளிப்படுத்துவாள்; செவிலி நற்றாய்க்கு உரைப்பாள்; செய்தி அவ்வழியே தந்தையைச் சென்று சேரும். இவளுக்குத் தோழியாக வாய்த்தவள் நான். "அப்பாகிட்ட நீங்க பேசுங்க, டீச்சர். நீங்க சொன்னா கேட்பாரு" என்று ஒரு ஞாயிறு காலை வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

மண்டோர் என்னை மிகுந்த மரியாதையுடன் வரவேற்றார். தேநீர் வந்தது. செய்தியைக் கூறியதும் முகம் இறுகியது. "முகம் தெரியாத பயலுக்கு எப்படிங்க, டீச்சரம்மா, பொண்ணு குடுக்கிறது?" என்றார். சற்றுக் கழித்து, "என்ன ஆளுங்களாம்?" என்றும் கேட்டார். தோட்டத்தில் அனைவரும் ஒரே லயத்தில் வாழ்ந்து, ஒரே குழாயில் நீர் பிடித்தாலும் இக்கேள்வி மட்டும் ஒழியவில்லை. மகள் உள்ளிருந்தவாறே, "நான் கேக்கலப்பா. அவரும் கேக்கல" என்றாள்.

நெடுநேரம் எவரும் பேசவில்லை. அப்போது அடுப்படியிலிருந்து தாயார் வந்தார். அதுவரை வாய் திறக்காதவர். "எனக்கு உங்க முகம் தெரியுமா? கங்காணி சொன்னாரு, அப்பா சரின்னாரு. மணவறையில குனிஞ்ச தலைய நிமித்துனப்பதான் பாத்தேன். இவளுக்காவது ரெண்டு வருசமா அவன் எழுதினது கையில இருக்கு" என்றார். இதைவிடச் சிறந்த வாதத்தை நான் எந்தப் பட்டிமன்றத்திலும் கேட்டதில்லை.

எனினும் தந்தையார் உடனே இசையவில்லை. என்னை வழியனுப்ப வாசல்வரை வந்தபோதுதான் அவருடைய உண்மையான அச்சம் வெளிப்பட்டது. ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளே இருந்தன. லயத்து வீடு தோட்ட நிர்வாகத்துடையது. வேலை முடிந்தால் வீட்டையும் ஒப்படைக்க வேண்டும். சொந்த வீடு இல்லை. அடுத்த மூன்று பிள்ளைகளும் படித்துக்கொண்டிருந்தனர். குடும்பத்தில் மாதச் சம்பளம் கொண்டுவரும் இரண்டாம் கை அவளுடையது. ஜொகூர் இங்கிருந்து ஏறக்குறைய ஒரு நாள் பயணம். முகம் தெரியாதவன் என்று அவர் சொன்னதன் அடியில் இருந்தது இதுவே. இதை அவர் மகளிடம் எப்படிச் சொல்வார்? எந்தத் தகப்பன் சொல்வான்? நான்தான் அவளிடம் சொன்னேன். அவள் அழுதாள், பிறகு அவனுக்கு எழுதினாள்.

அவன் மறுமொழி இரண்டு வரிகளாம். முதல் வரியில், தங்கைகள் படிப்பு முடியும்வரை அவள் சம்பளத்தில் ஒரு வெள்ளியும் தனக்கு வேண்டாம் என்றிருந்தான். இரண்டாம் வரியில், தந்தையாரும் தாயாரும் எப்போது வேண்டுமானாலும் தன்னோடு வந்து இருக்கலாம் என்றிருந்தான். அந்த மடலில் ஒரே ஒரு றகரப் பிழைதான் இருந்தது என்று அவள் சொன்னதை நான் மறக்கவில்லை.

வாக்குறுதியை நம்பி மட்டும் பெண் கொடுக்க முடியுமா? விசாரிப்பு நடந்தது. ஜொகூர்த் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பணியாற்றிய என் பயிற்சிக் கல்லூரித் தோழியை அழைத்தேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களுக்குள் உள்ள தொடர்பைப் போல் விரைவான வலை வேறில்லை. ஒரே வாரத்தில் அவனுடைய ஆறாம் ஆண்டு வகுப்பாசிரியர் வரை செய்தி சென்று திரும்பியது. கடன் இல்லை, குடி இல்லை, விதவைத் தாயைப் பேணுகிறான். மண்டோரும் மைத்துனரும் முன்னறிவிப்பின்றி ஒரு சனிக்கிழமை ஜொகூருக்கே சென்று வீட்டைப் பார்த்தனர். மகன் துணி துவைத்துக்கொண்டிருந்தானாம். அது மண்டோருக்குப் பிடித்துவிட்டது.

நான் ஒன்றை இங்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அன்று கங்காணியும் உறவினரும் செய்த விசாரிப்பு இன்றும் தேவை. இணையத்தில் காதல் பேசிப் பணம் பறிக்கும் கூட்டம் இந்நாட்டில் பலரை அழித்துள்ளது. காணொளி அழைப்பில் முகம் காட்ட மறுப்பவர், சந்திக்கும் நாளைத் தள்ளிக்கொண்டே போகிறவர், பரிசுப்பொட்டலம் சுங்கத்துறையில் சிக்கியதென்று பணம் கேட்பவர் ஆகியோரிடமிருந்து உடனே விலகுங்கள். பணம் அனுப்பிவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல், 2022-இல் தொடங்கப்பட்ட தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தை 997 என்ற எண்ணில் அழைக்க வேண்டும். ஆனால் மகள் இதை உங்களிடம் சொல்ல வேண்டுமானால், முதலில் நீங்கள் கத்தாமல் கேட்பவராக இருக்க வேண்டும் அல்லவா?

மண்டோர் விதித்த ஒரே நிபந்தனை, கோயிலுக்கு முன் பதிவு. தோட்டத்து மனிதர்கள் பட்டறிந்து கற்ற பாடம் அது. 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்குப் பின் முசுலிம் அல்லாதார் தாலி கட்டினால் மட்டும் போதாது, பதிவும் வேண்டும். இதை அறியாமல் கோயிலோடு நிறுத்திக்கொண்ட குடும்பங்களின் பிள்ளைகள் பத்திரச் சிக்கலோடு முதலாம் ஆண்டுப் பதிவுக்கு வருவதை ஆசிரியர்கள் கண்டிருப்போம். தாய் இந்நாட்டுக் குடியுரிமை இல்லாதவராக இருந்துவிட்டால் குழந்தையின் குடியுரிமையே கேள்விக்குறியாகிவிடும். பொய்யும் பிழையும் உலகில் தலைகாட்டியதால்தான் பெரியோர் மணச்சடங்கை வகுத்தனர் என்று தொல்காப்பியர் கூறும் கருத்தை நான் இச்சட்டத்தோடு சேர்த்தே நினைப்பதுண்டு. பதிவுக்கு 21 நாள் அறிவிப்பு ஒட்டப்படும், எதிர்ப்போர் எதிர்க்கலாம். 21 வயது நிரம்பியோருக்குப் பெற்றோர் ஒப்புதல் சட்டப்படி தேவையில்லை. அவளுக்கு அப்போது 24. தந்தையைக் கேளாமலே கையெழுத்திட்டிருக்கலாம். ஓராண்டுக்கு மேல் காத்திருந்தாள்.

2009-இல் பிரிஞ்சாங் தெண்டாயுதபாணி கோயிலில் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை வீட்டார் இரவெல்லாம் பேருந்தில் வந்தனர். தாப்பாவிலிருந்து தானா ராத்தா வரை ஏறத்தாழ 60 கிலோமீட்டர், வளைவுக்கு மேல் வளைவு. பாதிப் பேர் வாந்தி எடுத்து, மீதிப் பேர் குளிரில் நடுங்கி, பட்டுப்புடவைக்கு மேல் கம்பளிச்சட்டை அணிந்தபடியே மணவறையைச் சுற்றி நின்றனர். அப்படிப்பட்ட திருமணப் படத்தை நீங்கள் வேறெங்கும் பார்த்திருக்க மாட்டீர்கள். பெண்ணின் பெரியப்பா மட்டும் வரவில்லை. 'என்ன ஆளுங்க' என்ற கேள்விக்கு அவருக்கு விடை கிடைக்கவில்லையாம். இன்றுவரை அந்தக் குடும்பத்தோடு அவர் பேசுவதில்லை.

இணையவழித் திருமணம் என்றால் நம்மவர்க்கு ஏதோ அயல்நாட்டு இறக்குமதி என்ற எண்ணம். சென்னை இராயபுரத்தில் துறைமுகத் தொழிலாளியின் மகனாகப் பிறந்த முருகவேல் சானகிராமன், அமெரிக்காவில் மென்பொருள் பணியில் இருந்தபோது 1997-இல் தமிழருக்கென ஓர் இணையத்தளம் தொடங்கினார். அதில் இருந்த நாள்காட்டியையும் செய்திகளையும்விட மணமக்கள் பகுதியைத்தான் மக்கள் மிகுதியாக நாடினர். அவர் தம் மனைவியையே அதன்வழி கண்டார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 2000-இல் உருவான பாரத் மேட்ரிமோனி. அதன் தாய் நிறுவனம் 2017-இல் பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்டது. ஆனால் அத்தகைய தளங்களில் சாதிக்கென்று ஒரு கட்டம் முதலிலேயே இருக்கிறது. அரட்டை அறையில் அக்கட்டம் இல்லை. மேலும், 2019-இல் நின்றுபோன நம் 'தமிழ் நேசன்' நாளிதழ் போன்றவற்றில் மணமக்கள் விளம்பரத்தைப் பார்த்து முன்பின் அறியாதவர்க்குக் கடிதம் எழுதிய தலைமுறைதானே நம்முடையது?

யாஹூ தூதன் 2018-இல் மூடப்பட்டது. இவ்விருவரும் எழுதிக்கொண்ட அரட்டைகள் அதோடு போயின. மின்மடல்களை மட்டும் அவள் அச்சிட்டு வைத்திருக்கிறாள். திருத்தங்கள் சிவப்பு மையில். தங்கைகள் இருவரும் படித்து வேலையில் இருக்கின்றனர். மண்டோர் ஓய்வு பெற்று, லயத்து வீட்டின் சாவியை ஒப்படைத்துவிட்டு, மனைவியுடன் மருமகன் வீட்டிலேயே இருக்கிறார். ஜொகூர் வெயில் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மருமகனுக்கும் அவருக்கும் காற்றாடியின் வேகத்தைப் பற்றி நாள்தோறும் வழக்கு உண்டு என்று தாயார் தொலைபேசியில் சொன்னார்.

வரும் பள்ளி விடுமுறையில் அவர்களுடைய மூத்த மகள் என் வீட்டில் ஒரு வாரம் தங்க வருகிறாள். பாட்டி கொழுந்து பறித்த மலையைப் பார்க்க வேண்டுமாம். இரண்டு குளிர்சட்டை கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன்.