அப்பாவின் காதுக்கு ஒன்பது மீட்டர்

ஸ்பீக்கர் ஒயருக்கு மட்டும் ஆயிரம் வெள்ளி கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். கோலாலம்பூரில் நான் வேலை செய்யும் இடத்திலேயே இருவர் இருக்கிறார்கள். நான் மின்னணுச் சாதனங்களைப் பழுதுபார்க்கும் பிரிவில் இருப்பதால், “ஒயரை மாற்றினால் பாட்டு மாறுமா?” என்று அடிக்கடி கேட்பார்கள். “மாறலாம். ஆனால் அது ஒயரின் விலையால் இருக்காது” என்பேன். இந்தப் பதிலைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு கேமரன் மலையில், ரிங்லெட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் எங்கள் லயத்து வீட்டில்தான் எனக்குக் கிடைத்தது.

அப்பா தேயிலை ஆலையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்தவர். கொழுந்தை வாட்டும் பெரிய காற்றாடிகள், அதைச் சுருட்டும் உருட்டு இயந்திரங்கள், உலர்த்தும் அடுப்பு இவற்றுக்கு நடுவில்தான் அவருடைய பகலும் இரவும் கழிந்தன. இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். அம்மா இன்னும் பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை செய்வதால் தோட்டத்து வீடு எங்களிடம் இருக்கிறது. அப்பாவுக்கு இருந்த ஒரே ஆசை பாட்டு. பழைய அம்ப்ளிஃபயர், ஒரு ஜோடி ஸ்பீக்கர், ஓர் அலமாரி நிறைய கேசட், சிடி. ஸ்டீரியோவில் பதிவான முதல் தமிழ்ப் படப் பாடல்கள் என்று பலரும் சொல்லும் 1978-ஆம் ஆண்டின் ‘பிரியா’ கேசட்டை இரண்டு முறை தேய்த்து, மூன்றாவது வாங்கியவர்.

போன ஆண்டு தீபாவளிக்குப் போனபோது அம்ப்ளிஃபயர் மேல் துணி போர்த்தியிருந்தது. “சத்தம் வருது, வார்த்தை வரலம்மா. செட்டு பழசாயிடுச்சு” என்றார். புதுப் பாட்டைப் பற்றி அவர் சொன்னது இன்னும் கடுமை. “இப்பப் பாடுறவங்க எல்லாம் வாய்க்குள்ளேயே பாடுறாங்க.”

நான் முதலில் ஒயரைத்தான் பார்த்தேன். கேமரன் மலையில் தானா ராத்தா சுமார் 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. எங்கள் பக்கம் அதைவிடத் தாழ்வு என்றாலும் மழைக்கும் பனிமூட்டத்துக்கும் குறைவில்லை. இந்த ஈரத்தில் மூடாமல் விட்ட செம்புக் கம்பி கறுத்துப்போகும், சில இடங்களில் பச்சை பூக்கும். அப்பா என்றோ இரண்டு துண்டு ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தார். டேப்பைப் பிரித்தால் உள்ளே கம்பி கரிபோல இருந்தது. ஸ்பீக்கர் கரகரப்பதற்குப் பல வீடுகளில் காரணம் இதுதான். ஸ்பீக்கரைக் குறை சொல்வதற்கு முன் இணைப்புகளைத் திறந்து பாருங்கள்.

இன்னொரு சோதனை பிளஸ், மைனஸ். ஒரு ஸ்பீக்கரில் மட்டும் இவை மாறியிருந்தால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றொன்று இழுக்கும். தபேலாவின் அடிநாதம் காணாமல் போகும். பாடகரின் குரல் நடுவில் நிற்காமல் எங்கோ மிதக்கும். எங்கள் வீட்டில் அது சரியாகவே இருந்தது.

கம்பியைச் சுத்தம் செய்து போட்டேன். கரகரப்பு போய்விட்டது. அப்பா பத்து நிமிடம் கேட்டுவிட்டு, “இல்லம்மா” என்றார்.

அப்போதுதான் அவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று கவனித்தேன். ஸ்பீக்கர்கள் முன்கூடத்தில் தொலைக்காட்சியின் இருபக்கமும் இருந்தன. அப்பாவோ குளிருக்குப் பயந்து, அடுப்படியை ஒட்டிய சாப்பாட்டு மேசைக்கு இடம் மாறி ஒரு வருடம் ஆகியிருந்தது. நடுவில் நான்கு மீட்டர் தூரம், ஒரு கதவு நிலை.

ஸ்டீரியோவின் அடிப்படையே கேட்பவர் உட்காரும் இடம்தான். இங்கிலாந்தின் இ.எம்.ஐ. நிறுவனப் பொறியாளர் ஆலன் பிளம்லின் 1931-இல் இதற்குக் காப்புரிமை கோரினார். திரையில் நடிகர் ஒரு பக்கம் நிற்க, குரல் வேறு பக்கத்திலிருந்து வந்ததுதான் அவரை இந்த யோசனைக்குத் தள்ளியது என்பார்கள். இரண்டு ஸ்பீக்கர்களும் கேட்பவரும் ஏறக்குறைய ஒரு சமபக்க முக்கோணமாக அமைந்தால்தான் வயலின் இடத்திலும் புல்லாங்குழல் வலத்திலும் தெரியும். அடுப்படியில் இருப்பவருக்கு இடமும் கிடையாது, வலமும் கிடையாது.

ஸ்பீக்கர்களை அப்பாவிடம் கொண்டுபோவது என்று முடிவு செய்தேன். வீட்டை ஒருநாள் தோட்டத்திடம் திருப்பித் தரவேண்டும், அதனால் சுவரில் துளை போடக்கூடாது. சுவரோரமாகவே ஒயரை ஓட்டி அளந்தால் ஒவ்வொரு பக்கமும் ஒன்பது மீட்டர் வந்தது.

நீளம் கூடினால் தடிமனும் கூடவேண்டும். மின்சாரம் போய்த் திரும்பவேண்டும் என்பதால் ஒன்பது மீட்டர் ஒயருக்குக் கணக்கு பதினெட்டு மீட்டர். பழைய 0.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் இந்த நீளத்துக்குச் சுமார் 0.6 ஓம் மின்தடை வரும். 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரில் ஏறக்குறைய 0.12 ஓம்தான். 8 ஓம் ஸ்பீக்கருக்கு ஒயரின் தடை அதில் 5 விழுக்காட்டைத் தாண்டாமல் இருந்தால் போதும் என்பது பொதுவான கணக்கு. ‘ஆக்சிஜன் இல்லாத செம்பு’ என்று விலை கூட்டி விற்பதும் சாதாரண மின்கம்பிச் செம்பும் மின்சாரத்தைக் கடத்துவதில் ஏறக்குறைய ஒன்றுதான். தடிமன்தான் முக்கியம்.

புடு வட்டாரத்தில் இருக்கும் ஜாலான் பசாரின் உதிரிபாகக் கடைகளில் ஒயரும் எட்டு பனானா பிளக்கும் வாங்கினேன். எல்லாம் நூற்றைம்பது வெள்ளிக்குள் முடிந்தது. ஒரு சனிக்கிழமை மதியம் அப்பாவும் நானும் மேசையில் உட்கார்ந்தோம். ஒயரின் மேல்தோலை, உள்ளே ஓர் இழைகூட அறுபடாமல் உரிப்பதில் அவர் கை இன்னும் பழைய கைதான். பனானா பிளக்கில் திருகி இறுக்கும் முனைக்கு ஈயம் பற்றவைக்க வேண்டியதில்லை. ஈயம் அழுத்தத்தில் மெல்ல நசுங்கி, நாளாவட்டத்தில் திருகு தளர்ந்துவிடும். வெறும் இழைகளை முறுக்கி நன்றாக இறுக்கினால் போதும்.

சிடி பிளேயரை அம்ப்ளிஃபயருடன் சேர்க்கும் ஆர்.சி.ஏ. ஒயரையும் புதிதாகச் செய்தோம். இதற்குத்தான் பற்றவைப்பு தேவை. இதில் ஓடும் சமிக்ஞை மிகச் சிறியது. அதனால் சுற்றிலும் செம்பு வலை போட்ட ஒயராக இருக்கவேண்டும், கரண்டு ஒயரோடு சேர்த்துக் கட்டக்கூடாது. இல்லையென்றால் ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் பாட்டோடு ஒட்டிக்கொள்ளும். வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை: அம்ப்ளிஃபயரின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிய பிறகே ஒயரைத் தொடுங்கள், ஈயப் புகை தங்காமல் சன்னலைத் திறந்து வையுங்கள்.

மாலையில் பாட்டு போட்டோம். அப்பா கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டினார். அம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

இதில் ஒயரின் பங்கு எவ்வளவு? தடிமனான ஒயரால் கூடிய ஒலி அரை டெசிபெல் அளவுதான் என்று கணக்கு சொல்கிறது. காதுக்கு அது தெரிவதே சந்தேகம். ஆனால் ஸ்பீக்கருக்கும் காதுக்கும் உள்ள தூரம் பாதியானால் திறந்தவெளியில் 6 டெசிபெல் கூடும். வீட்டுக்குள் சுவர்களின் எதிரொலியும் சேர்வதால் அந்த வித்தியாசம் சற்றுக் குறையும். எப்படிப் பார்த்தாலும் நாங்கள் செய்த மிகப் பெரிய மேம்பாடு அந்த நீளம்தான்.

பாட்டு முடிந்ததும் அப்பா சொன்னார்: “வார்த்தை நல்லா கேக்குதும்மா. இதே மாதிரி உங்கம்மாவுக்கும் ஒரு ஒயர் போட முடியுமா? அவ பேசுறதுதான் பாதி புரிய மாட்டேங்குது.”

அம்மா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த வாரம் விடுப்பு எடுத்து, அவரை ஈப்போவுக்கு அழைத்துப்போய்க் காதுப் பரிசோதனை செய்தோம். தாழ்ந்த ஒலிகள் இரண்டு காதிலும் சரியாக இருந்தன. வரைபடத்தின் கோடு 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளத்தில் இறங்கியது. நீண்டகால இயந்திர இரைச்சல் முதலில் தாக்குவது அந்த இடத்தைத்தான். ‘ச’, ‘ஸ’ போன்ற எழுத்துகளின் கூர்மையும் ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது. சத்தம் வருகிறது, வார்த்தை வரவில்லை என்று அப்பா சொன்னது துல்லியமான விவரிப்பு. செட்டு பழசாகவில்லை.

நம் நாட்டில் 2019-இல் வந்த இரைச்சல் விதிமுறைகள், எட்டு மணி நேர வேலைக்கு 85 டெசிபெல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. வேலையிட இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்புக்கு சொக்சோவில் இழப்பீடு கோரவும் வழி உண்டு. ஆலையிலோ பட்டறையிலோ பல வருடம் உழைத்த பெற்றோர் உள்ளவர்கள், தொலைக்காட்சியின் சத்தம் கூடிக்கொண்டே போனால் அதை வயதின் மேல் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

அப்பாவுக்கு அடுத்த மாதம் காதுக்கருவி பொருத்தப் போகிறார்கள். முதலில் மறுத்தார். “பாட்டுக்குத்தான் ஒயர் இருக்கே” என்றார். “அம்மாவுக்கு இல்லையேப்பா” என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, தேதியைக் காலண்டரில் குறித்துவைக்கச் சொன்னார்.