உபயக் கணக்குக்கு ஏன் பூட்டு?



பங்குனி உத்திர உபயக் கணக்கை இந்த வருஷம் எக்செல்ல பூட்டி வச்சிருக்கோம். "எங்க மேல நம்பிக்கை இல்லையா?"ன்னு தொண்டர்களே கேட்டாங்க. அதான் எழுதுறோம்.

பாசிர் கூடாங், ஸ்கூடாய்னு வேலை முடிஞ்சு வர்றவங்கதான் கவுண்டர்ல மாறி மாறி உட்கார்றாங்க. அர்த்தஜாம பூஜை முடிஞ்சும் பதிவு நடக்கும். களைப்புல கைபட்டு 501 வெள்ளி 51 ஆனா, கூட்டுத்தொகையும் சத்தமில்லாம மாறிடும். யார் மாத்தினதுன்னு கிளறினா ஊர் வாய்தான் மிஞ்சும். படிச்சவங்களுக்கும் எக்செல்ல சறுக்கும். ரைன்ஹார்ட், ரோகாஃப்னு ரெண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் 2010ல எழுதின கட்டுரையில, சராசரிக் கணக்குல 5 நாடுங்க விடுபட்டதை 2013ல ஒரு மாணவர் கண்டுபிடிச்சார்.

எக்செல்ல எல்லாக் கட்டமும் 'லாக்' குறியோடதான் வரும். ஆனா ஷீட்டுக்கு 'புரொடெக்ட்' போடற வரைக்கும் அது சும்மா. அதனால பதிவு பண்ற கட்டங்களை மட்டும் முதல்ல லாக் எடுத்துட்டு, பிறகு ஷீட்டைப் பூட்டினோம். கூட்டல் கட்டத்தை யாரும் தொட முடியாது. மேக்ரோவோட வேலை இதுக்கு அப்புறம். ரசீது எண், பேர், தொகை மூணும் நிரம்பினதும் அந்த வரியை அதுவே பூட்டிடும். தப்பா போட்டிருந்தா அழிக்கறதில்ல. கீழ புது வரியில கழிச்சு காரணம் எழுதணும். தொழிற்சாலை லாக் புக்லயும் அப்படித்தான், ஒரு கோடு, பக்கத்துல கையெழுத்து. வெள்ளை மை பூசக் கூடாது.

இதை இரும்புப் பெட்டின்னு நினைச்சிடாதீங்க. ஷீட் பூட்டு பாதுகாப்பு வசதி இல்லன்னு மைக்ரோசாஃப்டே சொல்லுது. மேக்ரோவை அனுமதிக்காம திறந்தா புது வரி பூட்டாது. கைப்பேசி எக்செல்ல மேக்ரோ ஓடவே ஓடாது. அதனால அலுவலக லேப்டாப்ல மட்டும்தான் பதிவு. பாஸ்வர்ட் இருக்கற மேக்ரோ பக்கத்துக்கும் தனிப் பூட்டு போட்டாச்சு. இல்லன்னா சாவியைக் கதவுலயே தொங்க விட்ட மாதிரி.

தெரிஞ்சே மாத்தறவரை இந்தப் பூட்டு தடுக்காது. அதைப் பிடிக்கறது உங்க கையில இருக்கற ரசீது. ஆண்டுக் கூட்டம் முடிஞ்சு 60 நாளுக்குள்ள சங்கப் பதிவிலாகாவுக்குக் கணக்கு போகணும். அதுக்கு முன்னாடி உபயப் பட்டியலை அலுவலகப் பலகையில ஒட்டறோம். ரசீதோட வந்து எண்ணையும் தொகையையும் ஒத்துப் பாருங்க. வித்தியாசம் இருந்தா வெள்ளிக்கிழமை சாயங்காலம் கவுண்டர்ல நாங்க இருப்போம்.