பெரியநாயக்கன்பாளையத்துக் குருகுலம்

கோயமுத்தூரிலிருந்து மேட்டுப்பாளையம் செல்லும் சாலையில் சுமார் 20 கிலோமீட்டர் பிரயாணம் செய்து பெரியநாயக்கன்பாளையத்தில் இறங்கினோம். மேற்கே மலைத்தொடர், இப்பால் மரங்கள் அடர்ந்த ஸ்ரீ ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயம்.

இதை நிறுவியவர் திருப்பூரிற் பிறந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியார். தேசத்துக்காகப் பலமுறை சிறை புகுந்தவர். 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணத்தின் கல்வி மந்திரி. 1930-ஆம் ஆண்டில் கோவை நகரில் விரல்விட்டு எண்ணத்தக்க பிள்ளைகளுடன் இக்குருகுலத்தை ஆரம்பித்தார். கோயில் வாசலும் கிணற்றங்கரையும் சாதி பார்த்த காலம் அது. தீண்டத்தகாதவரென்று ஒதுக்கப்பட்ட குலத்துச் சிறுவரும் மற்றவரும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, ஒரே பந்தியில் உண்ண வேண்டும் என்பது அவருடைய சங்கற்பம். தீண்டாமை ஒழிப்புக்காக நாடெங்கும் யாத்திரை செய்துகொண்டிருந்த மகாத்மா காந்தி, 1934-இல் இங்கே அஸ்திவாரக் கல் நாட்டியதில் வியப்பென்ன?

நாம் சென்றது பகலுணவு வேளை. பிள்ளைகள் வரிசையாக அமர்ந்திருந்தனர். எவர் எக்குலத்தவர் என்று நாம் அறியோம். பரிமாறிய பையனும் அறிந்தவனாகத் தோன்றவில்லை.

திரும்பும் வழியில், நம் ஊர்ப் பந்திகள் யாவும் இவ்வாறு ஆகிவிட்டனவா என்று நம்மையே கேட்டுக்கொண்டோம். விடை சொல்ல நாணமாயிருந்தது.