பிணைக் கையெழுத்து

புத்தகப் பைத்தியம் உனக்கு எப்படிப் பிடிச்சுது என்று கேட்கிற நண்பர்களுக்கு நான் பொட்டலத் தாளைத்தான் சொல்வேன். மளிகைக் கடையில் பருப்பு கட்டிக் கொடுத்த தாளை, அம்மா அடுப்பில் போடுவதற்குள் பிடுங்கிப் படித்துவிடுவேன். பாதிக் கதை இருக்கும். மீதி எந்த வீட்டு மிளகாய்ப் பொட்டலத்தில் போனதோ. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். நான் சொல்வதும் பாதிக் கதைதான். மீதியை இப்போது எழுதுகிறேன்.

1974. நான் ஒன்பதாவது படித்தேன். எங்கள் ஊர் பழைய தென்னாற்காடு மாவட்டம். 1993-இல் மாவட்டத்தைப் பிரித்தபோது விழுப்புரத்தோடு போனது. காலனியிலிருந்து மூன்று மைல் நடந்தால் பள்ளிக்கூடம். அதற்குப் பக்கத்தில் ஓட்டுக் கட்டடத்தில் கிளை நூலகம். உள்ளே உட்கார்ந்து பேப்பர் படிக்க யாரும் தடுக்கவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். பெஞ்சில் நான் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் எழுந்து வேறு பெஞ்சுக்குப் போவார், அவ்வளவுதான். புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போக உறுப்பினராக வேண்டும். படிவம் கொடுத்தார்கள். கடைசியில் பிணைக் கையெழுத்து என்று ஓர் இடம். வீட்டு வரி கட்டுகிற ஒருத்தர் கையெழுத்துப் போட்டால்தான் அட்டை என்றார் அங்கிருந்தவர்.

1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நூலகத்துக்கும் ஒரு பங்கு வசூலித்து, அந்தக் காசில் ஊர் ஊராக நூலகம் நடத்துவது என்று ஏற்பாடு. நல்ல சட்டம். அதில் சாதி கிடையாது. ஆனால் எங்கள் காலனி முழுக்கப் புறம்போக்குக் குடிசை. பட்டா கிடையாது, வரி கிடையாது, ரசீது கிடையாது. வரி கட்டுகிற வீடெல்லாம் ஊர்த்தெருவில் இருந்தது. சாதி இல்லாத சட்டமும் எங்களிடம் வந்து சேர ஊர்த்தெருவைத் தாண்டித்தான் வர வேண்டியிருந்தது.

படிவத்தை நைனாவிடம் கொடுத்தேன். அவர் கைநாட்டு. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு போனார். பத்துப் பதினைந்து நாள் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒருநாள் கையெழுத்தோடு கொண்டுவந்து நீட்டினார். வேர்வையில் மை கொஞ்சம் கலைந்திருந்தது. எப்படி நைனா வாங்கினே என்று நான் கேட்கவில்லை. வாங்கிக்கொண்டு ஓடினேன்.

கல்கி, அகிலன், மு.வ. என்று வரிசையாகப் படித்தேன். நான் படித்த கதைகளில் எங்களைப் போன்ற ஆட்கள் வண்டி ஓட்டவும் சேதி சொல்லவும் வந்துவிட்டுப் போனார்கள். அப்போது அது உறைக்கவில்லை. நான் இளவரசர்களோடு குதிரையில் போய்க்கொண்டிருந்தேன்.

அதே மாதம் காலனியில் ஒரு ரகளை. ஊர்ச் சாவுக்கு இனிமேல் பறை அடிப்பதில்லை என்று மூன்று வருஷத்துக்கு முன்பே காலனி கூடி முடிவெடுத்திருந்தது. ஊர்க்காரர்கள் கூலி வேலையை நிறுத்தினார்கள். மாடு ஓட்டிப் போகிற வழியை மறித்தார்கள். காலனி அசையவில்லை. அந்தக் கட்டுப்பாட்டை மீறி ஒரு பெரிய வீட்டுக் கிழவி சாவுக்கு எங்க நைனா போய் அடித்துவிட்டு வந்தார். பஞ்சாயத்து கூடியது. பதினோரு ரூபாய் தண்டம். நைனா வாயே திறக்கவில்லை. தண்டம் கட்ட அம்மா ஆட்டுக்குட்டியை விற்றாள். சாராயத்துக்குத்தான் போயிருப்பான் என்று பேசிக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நாலைந்து மாதம் அவரோடு பேசவில்லை. அவர் வந்து திண்ணையில் உட்கார்ந்தால் நான் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வேப்பமரத்தடிக்கு எழுந்து போய்விடுவேன்.

படித்தேன், வேலைக்குப் போனேன். பூமணியின் 'பிறகு' 1979-இல் வந்தது. எனக்குக் கிடைத்தது சில வருஷம் கழித்து. செருப்புத் தைக்கிற அழகிரி கதையின் நடுவில் உட்கார்ந்திருந்தார். சேதி சொல்லிவிட்டுப் போகிறவராக இல்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அதுவரை படித்ததையெல்லாம் திரும்பவும் படிக்க வேண்டும்போல இருந்தது.

1991-இல் அம்பேத்கர் நூற்றாண்டுக்குக் காலனியில் கூட்டம் போட்டோம். நான் பேசினேன். படித்தவன் பேச்சு, நன்றாகத்தான் இருந்தது. இடையில், சாராயத்துக்காகப் பறையைத் தூக்கி நம் மானத்தை விற்றவர்களும் இங்கே இருந்தார்கள் என்று சொன்னேன். கை தட்டினார்கள். நைனா முன்னால் பாயில் உட்கார்ந்திருந்தார். அவரும் தட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா பிடித்துக்கொண்டாள்.

"யார்ரா சாராயத்துக்குப் போனது? கெழவி இழுத்துக்கினு கெடந்தா. அவ சாவுக்கு வந்து மோளம் அடி, அப்புறம் போடறேன் ஒன் புள்ள தாளுல கையெழுத்துன்னான் அந்த வீட்டுக்காரன். அதுக்குத்தான்டா அந்த மனுஷன் போனாரு. ஒங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிக்கினாரு."

நைனா வாசலில் படுத்திருந்தார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன கேட்பது? பதினேழு வருஷம் போய்விட்டது. பையில் இருந்த அம்பேத்கர் வாழ்க்கைப் புத்தகத்தை எடுத்து, லாந்தர் வெளிச்சத்தில் அவருக்குப் படித்துக் காட்டினேன். பள்ளிக்கூடத்தில் உட்காரத் தனியாகச் சாக்கு. அதையும் தினம் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும். தாகம் எடுத்தால் பியூன் வந்து ஊற்றினால்தான் தண்ணீர். பியூன் வராத நாளில் தண்ணீர் இல்லை. நைனா எழுந்து உட்கார்ந்து கேட்டார்.

"அவங்க நைனா என்னா பண்ணாரு?" என்றார்.

"பட்டாளத்துல இருந்தவரு. மகனுக்குப் புத்தகம் வாங்கக் காசு இல்லன்னா, கட்டிக்கொடுத்த பொண்ணுங்க நகையைக் கேட்டு வாங்கி அடகு வெச்சாரு. பென்ஷன் வந்ததும் திருப்புவாரு."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், "நகை இருந்துது, வெச்சாரு" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

1997-இல் நைனா செத்துப்போனார். ஞான. அலாய்சியஸ் தொகுத்த 'அயோத்திதாசர் சிந்தனைகள்' 1999-இல் வெளிவந்தபோது படித்துக்காட்ட அவர் இல்லை. அயோத்திதாசப் பண்டிதர் 1907-இல் இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தியிருக்கிறார். அதற்கும் முன்னால், 1893-இல், இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்றே பெயர் வைத்துப் பத்திரிகை தொடங்கியிருக்கிறார். எங்க நைனா ஒரு கையெழுத்துக்காகப் பறையைத் தூக்குவதற்கு 81 வருஷம் முன்பு! நான்தான் முதலில் புத்தகத்தைத் தொட்டவன் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசிக்கொண்டிருந்தேன். நம் ஆட்கள் எழுதி, அச்சடித்து, காசு வாங்கி விற்றதை என் கண்ணில் படாமல் வைத்திருந்ததும் இந்த நாடுதான்.

இப்போது எனக்கு ஓய்வூதியம் வருகிறது. காலனியில் எங்கள் பழைய வீட்டின் முன் அறையில் புத்தகங்களை வைத்திருக்கிறேன். பெயரும் தெருவும் எழுதினால் போதும், எடுத்துப் போகலாம். யார் கையெழுத்தும் வேண்டாம். இப்படிக் கொடுத்தால் ஒன்றும் திரும்பி வராது என்றார்கள். பெரும்பாலும் வருகிறது. போன வருஷம் ஒரு பெண் 'கருக்கு' எடுத்துக்கொண்டு போனாள். இன்னும் கொண்டுவரவில்லை. நான் போய்க் கேட்கவில்லை. யாருக்காவது படித்துக் காட்டிக்கொண்டிருப்பாள்.